கைமாறிய எடை

அறுவை முடிந்த ஆறாம் நாள் காலை, தையல்காரியின் உடம்பிலிருந்து கழன்ற எடை அவளுடைய மகளைப் போய்ப் பிடித்துக்கொண்டது. மகள் அப்போது பேருந்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, வயிற்றில் அதுகூட இல்லை. காலணி இறுகியது, கால்சட்டையின் பித்தான் தெறித்து முன்னால் நின்றவரின் பைக்குள் விழுந்தது, பின்னால் நின்ற ஆள் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இடமே இல்ல" என்று முணுமுணுத்தான். நடந்தது அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை, நாய் ஊளையிடவில்லை, பேருந்து வழக்கம்போலத் தாமதமாகத்தான் வந்தது. அதே நேரத்தில் வீட்டில் பல் துலக்கப் போன தாய்க்காரி, வாசற்படியைக் கையால் பற்றாமலே தாண்டிவிட்டதைத் தாண்டிய பிறகுதான் கவனித்தாள். திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டிப் பார்த்தாள். பிறகு பல்துலக்கியைக் கையில் வைத்துக்கொண்டே சந்தோஷத்தில் அழுதாள்.

அந்த எடை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் தையல்காரியைத்தான் குற்றம் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அந்தக் குடும்பத்தில் எடை என்பது யாரும் தின்று சேர்த்தது இல்லை, வந்து சேர்ந்தது. ஒருவர் போனால் அவர் சுமந்தது ரத்தத்தில் அடுத்தவருக்குப் போகும். வீடு, நகை மாதிரி சண்டை போட்டுப் பிரித்துக்கொள்ளவும் முடியாது, வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது தையல்காரி கொடி மாதிரிதான் இருந்தாள். கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா ஒரு மதியம் சுருண்டு விழுந்தார். ஆள் வந்து சேதி சொல்வதற்குள் அவள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த முக்காலி உடைந்துவிட்டது. கப்பலில் வேலை பார்த்த தம்பி எங்கோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் போனபோது மீதியும் வந்தது. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம், "வாயைக் கட்டு, வாயைக் கட்டு" என்று அவளுக்குச் சொல்லாத ஆள் இல்லை. வாயைக் கட்டியும் பார்த்தாள். குருவி கொத்துகிற அளவுக்குத்தான் தின்றாள், ஒரு கிராம் இறங்கவில்லை. அவள் புருஷன், தெருமுனையில் பூட்டுக்குச் சாவி போட்டுக் கொடுக்கிற சாவிக்காரர், பானையை வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விடுவார். அவருடைய விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். இரண்டு பேரும் ஒரே பானையில்தான் சாப்பிட்டார்கள்.

நாற்பத்தெட்டு வயதில் தையல்காரியால் படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு நின்றது. தையல் இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். காலையில் எழுந்தால் நெற்றியில் இயந்திரத்தின் சக்கரம் பதிந்திருக்கும். இதயம் வீங்கிவிட்டது, இப்படியே போனால் இரண்டு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். அறுவை செய்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது மகள்தான். வயிற்று டாக்டர் பொறுமையான மனுஷர். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் பருமனுக்கு மூடிவிடுவோம் என்று படம் போட்டுக் காட்டினார். எந்த நூல், எந்தத் தையல் என்று தையல்காரி கேட்டாள். நூல் இல்லை, சின்னச் சின்னக் கம்பிகளால் அடித்துவிடுவோம் என்றார். "அட, பின்னு அடிக்கிறதுதானா, தைக்கக்கூட மாட்டீங்களா" என்று அவளுக்கு மனசு விட்டுப்போனது. அதே நாள் அதே அறையில் ரொட்டிக்கடைக்காரி ஒருத்திக்கும் அறுவை நடந்தது. டாக்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று நாணயமாகச் சொன்னார்: "ஒரே கத்தி, ஒரே கை, ஒரே நாள். ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி இளைப்பீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பாதிதான் என் கையில இருக்கு. மீதி உங்க ரத்தத்துல இருக்கு."

ரொட்டிக்கடைக்காரியின் எடை எல்லோருடைய எடையும் போகிற வழியில் போனது. வேர்வையில் கொஞ்சம், மூச்சில் கொஞ்சம். தையல்காரியின் குடும்பத்து எடைக்கு அந்த வழியெல்லாம் பழக்கமில்லை. வீட்டை இடித்தால் குடியிருந்தவன் தெருவிலா நிற்பான், சொந்தக்காரன் வீட்டைத் தேடித்தானே போவான். அதுவும் போனது. தெருவில் சொந்த ரத்தம் என்று இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அந்த மகளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரி பெற்றது என்பதால் பாதி, ஒல்லி என்பதால் பாதி. அவளுடைய வேலை, நகரத்துப் பெரிய கட்டடங்களின் வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது. மொட்டை மாடியில் இரும்புக் கால்களில் கப்பி மாட்டியிருக்கும். கயிற்றில் ஒரு பலகை, பலகையில் ஆள், இடுப்பில் பட்டை, பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி. மேலே மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் நின்று மாடி மாடியாக இறக்குவார்கள். இறங்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பளக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஊசிக்கு அந்த வேலை பிடிக்கும் என்று சொன்னால் போதாது. தரையில் நடக்கும்போது அவள் கொஞ்சம் கூச்சப்பட்டவள் மாதிரி இருப்பாள். மேலே போனால்தான் சிரிப்பாள், பாடுவாள், காற்று பலகையை ஆட்டினால் "ஏய், சும்மா இரு" என்று காற்றை அதட்டுவாள். பக்கத்துக் கயிற்றில் தொங்குகிற பையன் ஒருவன் முப்பதாவது மாடிக்கும் இருபத்தொன்பதாவது மாடிக்கும் நடுவில் வைத்து அவளைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தான். அம்மா ஆபரேஷன் முடியட்டும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

தையல்காரி வாரத்துக்கு வாரம் இளைத்தாள். முதலில் மோதிரம் கழன்றது, பிறகு கழுத்து தெரிந்தது, பிறகு யாரும் பார்த்திராத இரண்டு தோள் எலும்புகள் வெளியே வந்தன. படுத்துத் தூங்கினாள். அவள் படுத்துத் தூங்குவதை சாவிக்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மழைக்கு ஒதுங்காமல் தெருவில் ஓடினாள், சும்மா, ஓட முடிகிறதா என்று பார்க்க. இந்தச் சந்தோஷத்தைக் குலைக்க ஊசிக்கு மனசு வரவில்லை. பேருந்து வரிசையில் வந்தது என்னவென்று அவளுக்கு முதல் தடவை புரியவில்லை, இரண்டாம் தடவை சந்தேகம் வந்தது, மூன்றாம் தடவை, அம்மா "இன்னிக்கு வளையல் தானா கழண்டு விழுந்துடுச்சுடி" என்று குழந்தை மாதிரிக் குதித்தபோது, தன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் வெட்டுவதைப் பார்த்துத் தெளிவாகிவிட்டது. டாக்டர் ஒரு எடை சொல்லியிருக்கிறார், அம்மா அதைத் தொட்டதும் நின்றுவிடும், எனக்கென்ன, சின்ன வயசு, எலும்பு கெட்டி என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். வெயிலில் மழைக்கோட்டுப் போட்டாள். மேஸ்திரி வருவதற்கு முன்னாலேயே பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சீருடையைப் பெரிதாக்கத் தன் அம்மாவிடம் கொடுக்க முடியாமல், தையல்காரி வீட்டில் பிறந்தவள் செய்யவே கூடாத துரோகத்தைச் செய்தாள். இரண்டு தெரு தள்ளி இன்னொரு தையல்காரனிடம் போனாள்.

அதில்தான் மாட்டிக்கொண்டாள். கொடியில் காய்ந்த கால்சட்டையை மடிக்க எடுத்த தையல்காரி, இடுப்புப் பக்கத்து மடிப்பில் வேறு ஒரு கையின் தையலைப் பார்த்தாள். தையல் கோணல் வேறு.

"யாருடி தைச்சது இது?"

"கிழிஞ்சிருந்துச்சும்மா."

"கிழிஞ்சா ஒட்டுப் போடுவாங்க. இது பிரிச்சு விட்டிருக்கு. ரெண்டு தடவை பிரிச்சு விட்டிருக்கு. அந்த மழைக்கோட்டைக் கழட்டு."

ஊசி கழற்றினாள். தையல்காரி அவளுடைய இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள், தோளில் வைத்துப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் சுமந்தவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா. தோளில் இருந்தது அவளுடைய அப்பாவின் எடை, மூட்டை தூக்குகிறவனுடையது, பின்கழுத்தில் திரண்டு நிற்கும். இடுப்பில் இருந்தது தம்பியுடையது. அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஐயோ, இதை நான் உனக்குக் குடுக்கவா உசுரோட இருந்தேன் என்றாள். பிறகு எழுந்து, "குடுத்துடுடி, திருப்பிக் குடுத்துடு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இது என்னம்மா, இரவல் வாங்கின பாத்திரமா, கழுவித் திருப்பிக் குடுக்க?" என்றாள் ஊசி. சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

அதன் பிறகு தையல்காரி எடையைத் தின்றே திருப்பி எடுத்துவிடுவது என்று உட்கார்ந்தாள். வாழைப்பழம் பருமனுள்ள வயிற்றுக்குள் எதை எவ்வளவு தள்ள முடியும்? ஒரு கரண்டி சோறு போனால் இரண்டு கரண்டி வெளியே வந்தது. அழுதுகொண்டே தின்றாள், தின்றுகொண்டே அழுதாள், நெய்யை மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மகளோ இன்னொரு மூலையில் பட்டினி கிடந்தாள். இருவருக்கும் நடுவில் சாவிக்காரர் ஒரு கையால் பொண்டாட்டியின் தட்டைப் பிடுங்குவார், இன்னொரு கையால் மகளுக்கு ஊட்டுவார். தின்றதாலும் ஒன்றும் ஆகவில்லை, தின்னாததாலும் ஒன்றும் ஆகவில்லை. எடை மட்டும் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தையல்காரி வயிற்று டாக்டரிடம் போய், வெட்டி எடுத்த துண்டைத் திரும்ப வைத்துத் தைத்துவிடுங்கள், நூல் நானே கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினாள். அதை அன்றைக்கே எரித்தாகிவிட்டது என்றார் அவர். அவளால் நம்ப முடியவில்லை. ஒரு துணி வெட்டினால்கூட மிச்சத் துண்டைக் கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் தூக்கிப் போடுவோம் என்று சண்டை போட்டாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்த டாக்டரம்மா என்று ஒருத்தர் இருந்தார். வயிற்றை வெட்டிக்கொண்டவர்களில் யார் எவ்வளவு இளைக்கிறார்கள், ஏன் அப்படி என்று ரத்தத்தில் தேடுவதுதான் அவருடைய வேலை. அண்ணன் தம்பியாக வந்து படுத்தவர்கள், தாயும் மகளுமாக வந்து படுத்தவர்கள், புருஷன் பொண்டாட்டியாக வந்து படுத்தவர்கள் என்று பல வருஷம் பார்த்திருந்தார். ஒரு ரத்தத்தில் பிறந்தவர்கள் வேறு வேறு ஊரில் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இளைத்தார்கள். ஒரே வீட்டில் ஒரே தட்டில் தின்ற புருஷனும் பொண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாமல் இளைத்தார்கள். அவர் அம்மா, மகள், சாவிக்காரர் மூன்று பேருடைய ரத்தத்தையும் எடுத்து, ஒரு மாதம் வைத்துப் பார்த்து, கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். சில பேருடைய ரத்தம் எடையைச் சீக்கிரம் விட்டுவிடும், சில பேருடையது பிடிவாதம் பிடிக்கும், உங்க வீட்டு ரத்தம் எதையுமே கீழே போடாது, கைமாற்றி விடும், அவ்வளவுதான் என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இல்லை. இன்னும் இரண்டு குடும்பத்தில் இப்படிப் பார்த்திருப்பதாகச் சொன்னார். மருந்து ஏதாவது என்று ஊசி கேட்டதற்கு, பிறப்பை மாற்ற மருந்து கிடையாதும்மா என்றார். அப்போதுதான் சாவிக்காரர் வாயைத் திறந்தார்.

"எனக்கு மாத்தி விட முடியாதா டாக்டரம்மா? எலும்பும் தோலுமா இருக்கேன், எவ்வளவு வேணும்னாலும் தாங்குவேன். இருபத்தஞ்சு வருஷமா இவகூட ஒரே பானையில சாப்பிட்டிருக்கேன். எனக்கு ஒரு கிலோகூட உரிமை இல்லையா?"

"ஒண்ணாச் சாப்பிட்டா சொந்தமாகலாங்கய்யா. ரத்தமாக முடியாது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. சாயங்காலங்களில் கடையைச் சாத்திவிட்டு ஒரு கையால் பொண்டாட்டியையும் மறு கையால் மகளையும் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். எடை அவர் வழியாகப் போகும்போது கை மரத்துப்போகும் என்று சொல்வார். போகும், தங்காது.

மேஸ்திரியைக் கடைசிவரை ஏமாற்ற முடியவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. கயிறு முனகுகிற முனகலிலேயே ஆளின் எடையைச் சொல்லிவிடக்கூடியவர். ஒருநாள் ஊசியைப் பலகையிலிருந்து இறக்கித் தனியாகக் கூப்பிட்டு, "கயிறு பொய் சொல்லாதும்மா, உன் உசுரு எனக்கு வேணும்" என்றார். கீழே வாளி கழுவுகிற வேலை தருவதாகச் சொன்னார். ஊசி ஒரு வாரம் வாளி கழுவினாள். தலைக்கு மேலே மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பதை அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது, அதோடு நின்றுகொண்டாள். பக்கத்துக் கயிற்றுப் பையன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான், பழம் வாங்கி வந்தான், தண்ணீர் குடித்தான், சுவரைப் பார்த்தான். மூன்றாம் தடவை வரவில்லை. வேறு நகரத்தில் வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. அவனைத் திட்டித் தெருவில் நிறையப் பேசினார்கள்.

அம்மாவின் எடை டாக்டர் சொன்ன அளவைத் தொட்டது, ஆனால் அங்கே நிற்கவில்லை, இன்னும் இறங்கி, தையல்காரி கல்யாணமாகி வந்தபோது இருந்த அளவுக்குப் போய்த்தான் நின்றது. மகள் அதே நாளில், அம்மாவின் பழைய துணிகள் ஒரு விரற்கடைகூடப் பிரிக்காமல் பொருந்தும் அளவுக்கு வந்து நின்றாள். இனி என்ன செய்வது என்று அந்த வீட்டில் யாரும் கூடிப் பேசவில்லை. ஊசி ஒரு காலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பாதியில் கிடந்த ஒரு சட்டையைத் தைக்க ஆரம்பித்தாள். தையல்காரி மகளுடைய பழைய சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதே பேருந்தைப் பிடித்து, மேஸ்திரியின் முன்னால் போய் நின்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள், இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பலகையில் உட்காரச் சொன்னார். முதல் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டே துடைத்தாள். பாதிக் கண்ணாடி துடைபடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஊசி அவளை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, எப்படிச் சாய வேண்டும், காலை எங்கே ஊன்ற வேண்டும், காற்று வந்தால் உடம்பை எப்படி விட வேண்டும் என்று அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்தாள். கீழே பார்க்காதே, எதிரே உன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிரு, அது நல்லா இருக்கு இப்போ என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது அந்த வீட்டில் சிரித்த கடைசி நாட்களில் ஒன்று.

ஐந்து வருஷம் அப்படிப் போயிற்று. ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி கயிற்றில் தொங்குவதைத் தெரு முதலில் அண்ணாந்து பார்த்தது, பிறகு பார்க்கவில்லை. தாய் செய்தது சுயநலம் என்று ஒரு கட்சி இருந்தது, மகள் செய்தது முட்டாள்தனம் என்று இன்னொரு கட்சி. அந்தக் கட்சிகள் இரண்டும் தங்கள் துணிகளை ஊசியிடம்தான் தைக்கக் கொடுத்தன, ஏனென்றால் அவளுக்குக் கை சுத்தம். வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஊசி என்ற பெயரைக் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்துவார்கள். அவள் தலையைத் தூக்க மாட்டாள். தையல்காரி மேலே இருக்கும் நேரமெல்லாம் ஒரு எண்ணம்தான்: இந்தக் காற்று அவளுடையது, இந்த உயரம் அவளுடையது, நான் பிடுங்கிக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பாள். விரல் பதிந்த குழி நிரம்ப நாளுக்கு நாள் அதிக நேரம் எடுத்தது. ஐந்தாம் வருஷம் ஊசியால் படுக்க முடியாமல் போனது. இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். நெற்றியில் சக்கரம் பதிந்தது.

தையல்காரி அவளை வயிற்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். ஊசி மாட்டவே மாட்டேன் என்றாள். மாதக்கணக்கில் நடந்த சண்டை அது. நான் வெட்டிக்கிட்டா அது எங்கே போகும், உன்கிட்டதானே வரும், நீ அங்கே மேலே தொங்கும்போது வரணுமா என்பாள். நான் கயிற்றை விட்டுவிடுகிறேன் என்பாள் தாய். கயிற்றை விட்டால், அந்த வீங்கின இதயத்தை எங்கே விடுவாய், அதுக்குத்தானே முதலில் வெட்டினோம் என்பாள் மகள். "எனக்கு வயசாயிடுச்சுடி, நான் அனுபவிச்சாச்சு" என்று ஒருநாள் தையல்காரி கத்தினாள். "அனுபவிச்சியா? எப்போ? எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள் ஊசி. சாவிக்காரர் எழுந்து வெளியே போய்த் தெருவிளக்கடியில் நின்றுகொண்டார். கடைசியில் ஊசியை ஜெயித்தது பேச்சு இல்லை, மூச்சு. ஒரு விடியற்காலையில் அவளுடைய உதடு நீலமாகிவிட்டது. தண்ணீர் குடித்துத் தெளிந்த பிறகு, சரிம்மா, நாள் வாங்கு, ஆனால் நான் படுக்கிற அன்றைக்கு நீ தரையில்தான் இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். டாக்டர் அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார். சனிக்கிழமையோடு நின்றுகொள்வதாகத் தையல்காரி மேஸ்திரியிடம் சொன்னாள். பொண்ணு வெட்டிக்கொண்டால் திரும்ப எல்லாம் வந்துவிடும், வரட்டும், என் அப்பன், என் தம்பி, என்னிடமே இருக்கட்டும், பொண்ணு மேலே போகட்டும் என்று அவரிடம் சொன்னபோது அவள் முகம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பழைய சீருடையின் இடுப்பை மகளுக்காகத் திரும்பப் பிடித்து வைக்க நூல்கூட வாங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் இருபத்திரண்டாவது மாடியின் வெளியே ஒரு கண்ணாடியில் பாதி சோப்புப் போட்டிருந்தாள். உள்ளே ஒரு நீள மேஜையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து எதையோ விவாதித்துக்கொண்டிருந்தார்கள். காற்று இல்லை. அப்போது அது வந்தது. முதலில் இடது முழங்கை மடிப்பில் வந்து உட்கார்ந்தது. சின்னது, மூன்று கிலோகூட இருக்காது, வெதுவெதுப்பாக இருந்தது. அந்த எடையை அவள் முன்பே ஒரு தடவை வாங்கியிருக்கிறாள். நர்ஸ் ஒரு துண்டில் சுற்றி, பெண் குழந்தை என்று சொல்லிக் கையில் கொடுத்தபோது. பிறகு இடுப்பில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிற எடை வந்தது, பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய எடை வந்தது, அதற்கெல்லாம் பின்னால் தம்பியும் அப்பாவும் வந்தார்கள். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது, வாளி கவிழ்ந்து சோப்புத் தண்ணீர் நுரை நுரையாகக் கீழே போனது, கயிறு முனகியது. இதயம் ஒரு தடவை நின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி அடித்தது.

அவளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. அறுவைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த எடை வேறு ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் வர முடியும். வீட்டில் இந்நேரம் இயந்திரம் நின்றுபோயிருக்கும். சாவிக்காரர் கடையில் இருப்பார், அவருக்கு இன்னும் தெரிந்திருக்காது, ரத்தம் இல்லையே அவருக்கு. இறங்கினால் நேரே அந்தக் கடைக்குப் போய் அந்த மனுஷரிடம் அவள்தான் சொல்ல வேண்டும். அதனால் அவள் அவசரப்படவில்லை. கண்ணாடியில் சோப்புக் காய்ந்துகொண்டிருந்த மீதிப் பாதியை மேலிருந்து கீழாக, கோடு விழாமல், ஊசி சொல்லிக்கொடுத்த மாதிரியே துடைத்து முடித்தாள். உள்ளே மேஜையில் இருந்தவர்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை.

மேலே மேஸ்திரி விளிம்புக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். கயிறு இப்படி முறுகுதே, என்னம்மா ஆச்சு என்று கத்தினார்.

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. மெதுவா இறக்குங்க" என்றாள் தையல்காரி, இடது கையை மடித்து மார்போடு அணைத்தபடி. "ரெண்டு பேர் இருக்கோம்."

மேஸ்திரி அடுத்த கயிற்றில் நின்ற ஆட்களையும் கைகொடுக்கக் கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரை இறக்குவது போலவே இறக்கினார்.